வழிபாட்டில் வந்து சேர்ந்த இயந்திரங்கள்



ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் நாட்டுத் தமிழ்த் தேவாலயம் ஒன்றின் வாசலில் நின்று கேளுங்கள். பாடலோடு சேர்ந்து கீபோர்ட் ஒலிப்பது பெரும்பாலும் காதில் விழும். ஓர் ஆள் தூக்கிச் செல்லக் கூடிய நீளப் பெட்டி அது. வெள்ளையும் கறுப்புமாகக் கட்டைகள். அவற்றுக்கு மேலே வரிசையாகப் பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் பேராலயத்துக் குழல் ஆர்கன் முழங்குகிறது. அடுத்ததை அழுத்தினால் வயலின். இன்னொன்றை அழுத்திவிட்டால், வாசிப்பவர் கை ஓய்ந்தாலும் தாளம் தானாகவே நடக்கிறது.

1980-களில் இந்தப் பெட்டி ஆலயங்களுக்குள் நுழைந்தபோது உலகில் பல சபைகளில் மனத்தாங்கல் உண்டாயிற்று. "இது ஆட்டபாட்ட மண்டபத்து வாத்தியம். இதற்கு இங்கே என்ன வேலை?" என்று மூத்தவர்கள் கேட்டார்கள். இளைஞர்களோ, அதில்தான் தங்கள் காலத்துக் குரல் இருக்கிறது என்றார்கள். இந்த வழக்கு அன்று புதிதாகத் தோன்றியதன்று. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக நடந்து வருவது. ஒவ்வொரு முறையும் பேச்சு பக்தியைப் பற்றியதாக இருக்கும். ஆனால் கூர்ந்து பார்த்தால், புதிய இயந்திரம் வந்ததால் யாருக்கு இடம் கிடைத்தது, யாருடைய இடம் போயிற்று என்பதே உள்ளே கிடக்கும். தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு அந்தக் கேள்வியை நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கிறிஸ்தவர்கள் வீட்டு வழக்கு நமக்கெதற்கு என்று கோயில் பக்கத்து நேயர்கள் வானொலியைத் திருப்பிவிட வேண்டாம். உங்கள் பஜனையில் வாசிக்கும் ஆர்மோனியப் பெட்டியும் இந்தக் கதையில் வருகிறது.

ஆர்கன் என்றாலே நமக்குத் தேவாலயம் நினைவுக்கு வரும். ஆனால் அது பிறந்த இடம் தேவாலயம் அன்று. கிறிஸ்து பிறப்பதற்கு முன் மூன்றாம் நூற்றாண்டில், எகிப்து நாட்டு அலெக்சாந்திரியா நகரில் தெசிபியஸ் என்ற பொறியாளர் இருந்தார். முடி திருத்துபவரின் மகன் அவர் என்பர். நீரின் எடையைக் கொண்டு காற்றைச் சீராக அழுத்தி, அந்தக் காற்றைக் குழல்களுக்குள் செலுத்தி ஒலிக்க வைத்தார். ரோமானியர் இந்தக் கருவியை விளையாட்டு அரங்குகளில் வைத்து வாசித்தார்கள். வாள் வீரர்கள் ஒருவரையொருவர் வெட்டிச் சாய்க்கும் வேளையில் பக்கத்திலே ஆர்கன் ஒலித்தது. அதைக் காட்டும் பழைய ஓவியத் தரைகள் இன்றும் உள்ளன. அத்தகைய அரங்குகளில்தான் தொடக்கக் காலக் கிறிஸ்தவர்கள் பலர் விலங்குகளுக்கு இரையாக்கப்பட்டார்கள். ஆகையால் அக்காலத்துச் சபைப் பெரியோர்கள் வாத்தியம் எதுவும் வேண்டாம், மனிதக் குரல் ஒன்றே போதும் என்று சொன்னதில் வியப்பில்லை.

கி.பி. 757-ஆம் ஆண்டில் பைசாந்தியப் பேரரசர் ஐந்தாம் கான்ஸ்டன்டைன், பிராங்கிய மன்னர் பெப்பினுக்கு ஓர் ஆர்கனைப் பரிசாக அனுப்பினார். அது அரண்மனைப் பெருமைக்கு வந்த பொருள். அதன்பிறகு மெல்ல மெல்ல மடாலயங்களுக்குள் ஆர்கன் சென்றது. பத்தாம் நூற்றாண்டின் முடிவில் இங்கிலாந்தின் வின்செஸ்டர் ஆலயத்தில் பெரிய ஆர்கன் ஒன்று இருந்தது. 400 குழல்கள், துருத்தி மிதிக்க 70 ஆட்கள் என்று அங்கிருந்த துறவி ஒருவர் பாடி வைத்திருக்கிறார். அது கவிஞர் கணக்கு. கொஞ்சம் கழித்துக் கொள்ளலாம்.

உள்ளே வந்த ஆர்கன் பின்னர் வெளியேற்றப்பட்டதும் உண்டு. சீர்திருத்தக் காலத்தில் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரப் பேராலயத்து ஆர்கனை 1527-இல் பிரித்தே போட்டார்கள். இங்கிலாந்து நாடாளுமன்றம் 1644-இல் ஆலயங்களிலிருந்து ஆர்கன்களை அகற்றச் சட்டம் செய்தது. சில தலைமுறைகளுக்குப் பின் அது திரும்பி வந்து, அரியணையும் ஏறிவிட்டது. 1903-இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் ஆலய இசை குறித்து ஓர் ஆணை விடுத்தார். அதில் பியானோவும், முரசு, கைத்தாளம் போன்ற ஆரவாரக் கருவிகளும் விலக்கப்பட்டன. ஆர்கனுக்கு இடம் தரப்பட்டது. ஒரு காலத்தில் கொலைக்களத்தில் ஒலித்த கருவி அது என்பதை அப்போது யார் நினைத்துப் பார்த்திருப்பார்கள்? 60 ஆண்டு கழித்து, 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், குழல் ஆர்கனுக்குரிய மதிப்பைச் சொல்லிவிட்டு, வழிபாட்டுக்குத் தகுதியான பிற கருவிகளையும் ஏற்கலாம் என்றது. மத்தளமும் கிதாரும் பின்னாளில் கீபோர்டும் கத்தோலிக்க ஆலயங்களுக்குள் வந்தது அந்தக் கதவு வழியாகத்தான்.

இனி இங்கிலாந்து நாட்டுக் கிராமங்களுக்குப் போவோம். இந்த வரலாற்றில் என் மனத்தை மிகவும் தொட்ட பகுதி அதுவே.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து சுமார் நூறு ஆண்டுக் காலம், ஆர்கன் வாங்க வசதியில்லாத அந்நாட்டுக் கிராம ஆலயங்களில் ஊர்க்காரர்களே வாசித்தார்கள். பண்ணைக் கூலிகள், செருப்புத் தைப்பவர்கள், கொத்தர்கள், தச்சர்கள். வாரம் முழுவதும் உடலுழைத்துவிட்டு, ஞாயிறு அன்று வயலின், பெரிய வயலின், கிளாரினெட், பசூன் என்ற நீண்ட ஊதுகுழல் ஆகியவற்றோடு வந்து ஆலயத்தின் மேற்குப் பக்கத்து மாடியில் அமர்வார்கள். அவர்கள் பாடல் தொடங்கியதும் கீழே இருப்பவர்கள் எழுந்து, பின்பக்கம் திரும்பி, மாடியை நோக்கி நிற்பது வழக்கம். அந்த ஒரு பொழுதாவது ஊர் முழுவதும் கூலிக்காரனை நிமிர்ந்து பார்த்தது. அவர்கள் வாசிப்பில் பிழைகள் இருந்தன. சனிக்கிழமை இரவு நடனத்துக்கு வாசித்த அதே வயலின்தான் மறுநாள் ஆலயத்துக்கும் வந்தது. குருமார்களுக்கு அது பிடிக்கவில்லை. அதைவிட, மாடியில் இருந்தவர்கள் சொன்னபடி கேட்பதில்லை என்பதும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை.

முதலில் சில ஊர்களில் கைப்பிடியைச் சுற்றினால் பாடும் உருளை ஆர்கன் வந்தது. உருளையில் அடித்து வைத்த சில பாடல்களை மட்டுமே அது பாடும். வாசிக்கத் தெரிந்தவர் யாரும் தேவையில்லை. சுற்ற ஒரு கை போதும். பிறகு வந்தது ஆர்மோனியம். 1842-இல் பாரிஸ் நகரில் அலெக்சாந்தர் தெபான் என்பவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். குழல்களுக்குப் பதிலாகப் பித்தளை நாக்குகள், காலால் மிதிக்கும் துருத்தி, விலையும் குறைவு. ஒரே ஆள் வாசிக்கலாம். ஊருக்கு ஊர் மாடிக் குழுக்கள் கலைந்தன.

ஆங்கில நாவலாசிரியர் தாமஸ் ஹார்டியின் தந்தையும் பாட்டனாரும் ஸ்டின்ஸ்ஃபோர்ட் என்ற ஊர் ஆலயத்தில் இப்படி வாசித்தவர்கள். அந்தக் குழு 1840-களின் தொடக்கத்தில் கலைந்தது. ஹார்டி 1872-இல் எழுதிய நாவல் ஒன்று இதே பொருளைக் கொண்டது. அதில் வயலின்காரர்களின் இடத்தில் வந்து அமர்ந்து ஆர்கன் வாசிப்பவர் யார் தெரியுமா? கிராமப் பள்ளிக்கூடத்து ஆசிரியை! எங்கள் தொழிலுக்கு இப்படியும் ஒரு பழி.

அதே ஆர்மோனியம் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தது. பாதிரிமார்களும் வந்தேறிய ஐரோப்பியர்களும் கொண்டுவந்தார்கள். நாற்காலியில் அமர்ந்து காலால் மிதிக்கும் பெட்டியை, தரையில் சம்மணமிட்டு உட்காரும் நாட்டில் எப்படி வாசிப்பது? கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் என்ற வாத்தியக் கடைக்காரர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பின்பக்கத் துருத்தியை இடக்கையால் அசைத்து வலக்கையால் வாசிக்கும்படி அதை மாற்றியமைத்தார். நாடகக் கம்பெனிகள் அதைப் பிடித்துக்கொண்டன. பஜனைக் கூடங்கள் எடுத்துக்கொண்டன. தேவாலயங்களும் ஏற்றன. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றோர் நம் இராகங்களில் கட்டிய கீர்த்தனைகள், ஆர்மோனியம் துணையாக மலாயாவின் தமிழ்ச் சபைகளிலும் பாடப்பட்டன. ஒரே தோட்டத்தில் ஒரே மாதிரிப் பெட்டி இங்கே மாரியம்மன் கோயிலிலும் அங்கே சிற்றாலயத்திலும் ஒலித்தது.

ஆயினும் அதற்கும் எதிர்ப்பு எழுந்தது. நம் இசையில் ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்குக் குரல் வழுக்கிச் செல்லும்; அசையும்; அதைக் கமகம் என்கிறோம். ஆர்மோனியத்தின் கட்டை, படிக்கட்டுப் போன்றது. இரண்டு படிக்கு நடுவில் நிற்க அதனால் இயலாது. கவி இரவீந்திரநாத் தாகூரும் அதை விரும்பவில்லை. 1940 மார்ச் மாதம் முதல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை விதித்தது. 1971-இல்தான் அத்தடை ஓரளவு தளர்ந்தது. வானொலியில் தடை இருந்த முப்பது ஆண்டும் கோயிலிலும் தேவாலயத்திலும் அது பாட்டுக்குப் பாடிக்கொண்டே இருந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

இதுவரை சொன்ன கருவிகள் எல்லாம் காற்றால் பேசுபவை. மின்சாரத்தால் பேசும் கருவிக்கு வருவோம்.

சைக்கிள் விளக்குக்கு டைனமோ இருக்கிறதல்லவா? சக்கரத்தோடு காந்தம் சுழல, கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. ஏறத்தாழ அதே கொள்கையில் இசையை உண்டாக்கலாம் என்று அமெரிக்கர் தாடியஸ் காஹில் கண்டார். 1906-இல் நியூயார்க்கில் அவர் நிறுவிய இயந்திரம் 200 டன் எடை. அதன் இசையைத் தொலைபேசிக் கம்பி வழியே விற்றார், தொழில் படுத்துவிட்டது. பின்னர் லாரன்ஸ் ஹாம்மண்ட் என்ற மின்கடிகாரத் தொழிலதிபர், 1930-களின் மந்தத்தில் கடிகாரம் விலைபோகாமல் வேறு வழி தேடினார். அவருக்கு வாத்தியம் வாசிக்கத் தெரியாது. ஆனால் சீராகச் சுழலும் மோட்டார் செய்யத் தெரியும். விளிம்பில் மேடு பள்ளம் வெட்டிய 91 சிறு சக்கரங்களைக் காந்தங்களுக்கு எதிரே சுழலவிட்டு ஓர் ஆர்கனை உண்டாக்கி, 1935-இல் வெளியிட்டார். விலை சுமார் 1,250 டாலர். குழல் ஆர்கனுக்குப் பல்லாயிரம் வேண்டும்.

பத்தாயிரம் டாலர் குழல் ஆர்கனுக்கு இது ஈடு என்று அவருடைய விளம்பரங்கள் சொல்லவே, அமெரிக்க அரசின் வாணிக ஆணையம் வழக்குத் தொடுத்தது. 1937-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆலயத்தில் ஒரு சோதனை நடந்தது. அங்கிருந்த பெரிய குழல் ஆர்கனையும் ஹாம்மண்ட் ஆர்கனையும் மறைவில் மாற்றி மாற்றி வாசித்து, எது எது என்று கேட்டார்கள். இசை வல்லுநர்களும் மாணவர்களும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விடைகளைத் தவறாகச் சொன்னார்கள். சில விளம்பர வாசகங்களை நிறுத்தும்படி 1938-இல் ஆணை வந்தது. ஆனால் 'ஆர்கன்' என்ற பெயர் ஹாம்மண்டுக்கு நிலைத்துவிட்டது.

அந்தப் பெட்டிக்கு உயிர் கொடுத்தவர்கள் அமெரிக்கக் கறுப்பின மக்கள். தென் மாநிலப் பருத்திக் காடுகளில் உழைத்துச் சலித்த குடும்பங்கள் இரயிலேறிச் சிகாகோ போன்ற வட நகரங்களுக்குப் பிழைக்கப் போயின. அங்கே காலியான கடை அறைகளையே ஆலயமாக்கிக் கொண்டவர்கள் ஏராளம். சிகாகோவில் கிளாரன்ஸ் காப்ஸ் என்ற போதகரின் சபை, தொப்பித் தொழிற்சாலையாக இருந்த கட்டடத்தை 1939-இல் ஆலயமாக மாற்றியது. அதே ஆண்டில் அதன் இசைப் பொறுப்பாளர் கென்னத் மோரிஸ் அங்கே ஹாம்மண்ட் ஆர்கனைக் கொண்டுவந்தார். அச்சபையின் வழிபாடு வானொலியிலும் ஒலிபரப்பானது. கேட்டவர்கள் தங்கள் சபைக்கும் அது வேண்டும் என்றார்கள். டொனால்டு லெஸ்லி என்பவர் சுழலும் ஒலிபெருக்கி ஒன்றைச் செய்து அதோடு இணைத்தார். ஹாம்மண்டுக்கு அது அறவே பிடிக்கவில்லை; ஆனால் சபைகளுக்குப் பிடித்துவிட்டது. போதகர் ஒரு வரி சொன்னால் ஆர்கன் பதில் சொல்லும். அவர் குரல் உயர்ந்தால் அதுவும் உயரும். செல்வர் ஆலயத்தைப் போல ஒலிக்க வேண்டும் என்று வாங்கிய பெட்டி, ஏழைகள் கையில் வேறொரு குரலைப் பெற்றது. 1950-களின் நடுவில் வந்த பி-3 என்ற மாதிரி ஏறத்தாழ 190 கிலோ எடை. இளைஞர் ஐந்தாறு பேர் சேர்ந்துதான் படியேற்றுவார்கள்.

இப்போது ஜப்பானுக்கு வாருங்கள். 1887-இல் ஹமாமட்சு என்ற ஊரின் தொடக்கப் பள்ளியில் இருந்த அமெரிக்க ஆர்மோனிய வகை ஆர்கன் பழுதாகிவிட்டது. மருத்துவக் கருவிகளைப் பழுது பார்க்க வந்திருந்த தொராகுசு யமஹா என்பவரை அழைத்தார்கள். அவர் உள்ளே இருப்பதைப் படம் வரைந்து கொண்டு, தாமே ஒன்றைச் செய்தார். அதைத் தோள்தடியில் கட்டி, நண்பர் ஒருவரோடு, ஹாக்கொனே மலை கடந்து சுமார் 250 கிலோமீட்டர் தோக்கியோவுக்கு நடந்தே சுமந்து சென்றார். அங்கிருந்த இசைக் கல்வி நிலையத்தார் சுருதி சரியில்லை என்றார்கள். மனம் தளராமல் அங்கேயே தங்கிச் சுருதி கற்று, திரும்பிப் போய் இன்னொன்று செய்தார். இன்று யமஹா என்றால் நம் பிள்ளைகளுக்கு மோட்டார் சைக்கிள் ஞாபகம் வருகிறது. தொடக்கம் ஒரு பள்ளிக்கூடத்து ஆர்கன்.

அமெரிக்காவில் ராபர்ட் மூக் 1964-இல் சிந்தசைஸர் என்ற கருவியைச் செய்தார். சக்கரமும் இல்லை, நாக்கும் இல்லை. மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தே ஒலியை உருவாக்குவது. 1968-இல் வெண்டி கார்லோஸ் அக்கருவியில் பாக் என்ற ஜெர்மானிய இசை மேதையின் படைப்புகளை வாசித்து இசைத்தட்டாக வெளியிட, உலகம் திரும்பிப் பார்த்தது. பாக் தேவாலய இசைப் பணியில் வாழ்ந்தவர். ஆனால் அந்த மூக் கருவி ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் ஒலிக்கும். சபை பாடும்போது அதற்குத் தாங்கு கொடுக்க அதனால் முடியாது.

அக்குறையைத் தீர்த்த கருவிகளில் பெரும்பேர் பெற்றது யமஹாவின் டி.எக்ஸ். 7. அமெரிக்க ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சவுனிங் என்ற இசையாளர், ஓர் அலையை இன்னோர் அலையால் வேகமாக அசைத்தால் மணி, பியானோ, ஊதுகுழல் போன்ற ஒலிகள் பிறப்பதை 1967-இல் கண்டறிந்தார். எஃப்.எம். வானொலிக்கும் அடிப்படை அதே கொள்கைதான். ஹாம்மண்ட் உள்ளிட்ட அமெரிக்க நிறுவனங்கள் அதன் அருமையை உணரவில்லை, யமஹா உணர்ந்தது. 1983-இல் வந்த அந்தக் கருவி ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்றது. ஒரே நேரத்தில் 16 சுரங்கள் ஒலிக்கும். அதன் மணி போன்ற பியானோ ஒலியை 1980-களின் ஆராதனைப் பாடல்கள் பலவற்றில் கேட்கலாம். அதற்கு முன்பே 1980-இல் காசியோ நிறுவனம் மலிவான கீபோர்டுகளைக் கொண்டுவந்திருந்தது. உலர்ந்த மின்கலத்திலும் ஓடும் சிறு பெட்டிகள் தொடர்ந்து வந்தன. மாலையில் சில மணி நேரம் மட்டுமே மின்சாரம் கிடைத்த தோட்டங்களில் இது சிறிய செய்தியன்று.

கீபோர்டால் கிடைத்த நன்மையை மறைக்கக் கூடாது. இருபது பேர் கூடும் சபைக்கும் ஆர்கன் ஒலி கிட்டிற்று. சுருதி மாற்றும் பொத்தான் ஒன்று உண்டு. ஒரே கட்டையில் வாசிக்கப் பழகியவர்கூட, பாடுகிறவர் குரலுக்கேற்ப உயர்த்தித் தாழ்த்திக் கொள்ளலாம். ஓராண்டு பழகிய பள்ளி மாணவி சபையின் பாட்டை நடத்தலாம். கட்டைக்கு இடப்புறம் உள்ள சிறு சக்கரத்தை அசைத்தால் சுரம் வளையும். ஆர்மோனியத்தால் ஆகாத கமகத்தைக் கொஞ்சமாவது எட்டிப் பிடிக்கத் தேர்ந்தவர்களுக்கு அது உதவுகிறது.

ஆனால் அந்தத் தாளப் பொத்தானைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. ஜப்பானியர் இக்குத்தாரோ காகெஹாஷி 1967-இல் ஒரு தாளப் பெட்டியைச் செய்தார். ஹாம்மண்ட் நிறுவனமே அதை வாங்கித் தன் ஆர்கன்களில் பொருத்தியது. அன்று முதல் வாசிப்பவருக்குப் பக்கத்தில் மத்தளக்காரர் தேவையில்லாமல் போனார். மத்தளம் வாசிப்பவர் பாடுகிறவர்களின் வாயைப் பார்ப்பார். முதல் வரிசைக் கிழவி மூச்சு வாங்கினால் ஓர் அரைநொடி காத்திருப்பார். பொத்தான் காத்திருக்காது. இப்போது இன்னும் ஒரு படி மேலே போய், பின்னணி இசை முழுவதையும் முன்கூட்டியே பதித்து வைத்து ஓட விடுகிறார்கள். பாட்டு எத்தனை அடி, எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் முன்னரே முடிவானது. கைப்பிடி சுற்றிய அந்த உருளை ஆர்கன்தான் இரு நூற்றாண்டு கழித்து வேறு சட்டை போட்டு வந்திருக்கிறது. ஒலிபெருக்கியும் சேர்ந்துவிட்டால், சபையார் பாடினார்களா இல்லையா என்பது சபையாருக்கே தெரியாது.

வெவ்வேறு நிறுவனங்களின் கீபோர்டுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள 'மிடி' என்ற பொது மொழி 1983-இல் உண்டாயிற்று. 1991-இல் அதற்கு ஒரு பொதுப் பட்டியலும் வந்தது. 128 ஒலிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். கைக்கு அகப்படும் கீபோர்டின் எண் வரிசையைப் பாருங்கள். பலவற்றில் இந்தப் பட்டியல் இருக்கும். 20 என்றால் தேவாலய ஆர்கன். 21, மாடிக் குழுவைக் கலைத்த ஆர்மோனிய வகை ஆர்கன். 41, கூலிக்காரர் வாசித்த வயலின். 71, அவர்கள் ஊதிய பசூன். 105, சித்தார். 112, ஷெனாய். நாதஸ்வரமும் தவிலும் அந்த 128-இல் இல்லை.